ஓடும்போது நின்றுபோகும் ஆர்சி கார்: மின்சாரக் கோளாறைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் முழுமையான வழிகாட்டி

வண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு த்ராட்டிலை அமுக்கினால் சக்கரங்கள் பறக்கின்றன. தரையில் விட்டால் பத்தடி ஓடிவிட்டு நின்றுவிடுகிறது. கையில் எடுத்துப் பார்த்தால் மறுபடி ஜோராகச் சுற்றுகிறது. ஆர்சி கார் (ரிமோட்டில் ஓட்டும் குட்டி கார்) வைத்திருக்கும் யாரும் என்றாவது ஒருநாள் இந்தக் கண்ணாமூச்சியில் மாட்டாமல் இருக்க மாட்டார்கள்.

காற்றில் சும்மா சுற்றும் சக்கரத்துக்கு மோட்டார் சில ஆம்பியர்தான் எடுக்கும். அதே வண்டி, பிரஷ்லெஸ் மோட்டாரோடு (உள்ளே உரசும் பிரஷ் இல்லாமல், மூன்று ஒயரில் ஓடும் வகை) நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1/10 அளவில் இருந்தால், தரையில் கிளம்பும் கணத்தில் 60 ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். மூன்று ஆம்பியரைத் தாங்குகிற லூஸ் கனெக்‌ஷன் அறுபதைத் தாங்காது. அதனால் மேசைமேல் நடத்தும் சோதனையில் எல்லாம் சரியாக இருந்தால், இன்னும் சோதிக்கவே இல்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வகைக் கோளாறைச் சுமை இருக்கும்போதுதான் பிடிக்க முடியும்.

இது எனக்குப் புரிய ஒரு மோட்டாரும் ஒரு ஈஎஸ்சியும் செலவாயின. (ஈஎஸ்சி என்பது பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி.) என் வண்டி இரண்டு நிமிடம் ஓடும், நிற்கும். மோட்டாரை மாற்றினேன், நின்றது. ஈஎஸ்சியை மாற்றினேன், நின்றது. கடைசியில் பேட்டரி கனெக்டரின் கறுப்பு ஒயர்மேல் இருந்த ஹீட் ஷ்ரிங்க் உறையில் (சூடு பட்டால் சுருங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழாய்), பழுப்பு நிறத்தில் மோதிரம் போல ஒரு கருகல் கண்ணில் பட்டது. உறையைக் கீறி ஒயரை லேசாக இழுத்தேன். ஈயத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. ஈயம் ஒயரில் பிடிக்கவே இல்லை, சுற்றிலும் தொப்பி மாதிரிக் கவிழ்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆற அமர முதலில் தொட்டுப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

கையில் என்ன வேண்டும்

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் பேலன்ஸ் ஒயரில் (ஒவ்வொரு செல்லிலிருந்தும் வரும் மெல்லிய ஒயர்க் கொத்து) செருகும் சின்ன வோல்டேஜ் அலாரம் ஒன்று. இந்த அலாரம் இல்லாவிட்டால் வாங்கிவிடுங்கள், மல்டிமீட்டரைவிட இந்த வேலைக்கு இதுதான் அதிகம் உதவும். அப்புறம், நன்றாக வேலை செய்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த இன்னொரு பேட்டரி. நண்பரிடம் ஒரு மணி நேரம் இரவல் வாங்கினாலும் போதும்.

ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பேட்டரியையும் மாற்றி, செட்டிங்கையும் மாற்றி, வண்டி ஓடிவிட்டால் எது காரணம் என்று தெரியாது. அடுத்த வாரம் அதே இடத்தில் நிற்பீர்கள்.

நின்ற நொடியில் ஸ்டீயரிங் திரும்பியதா?

எதையும் கழற்றுவதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். வண்டி நின்றவுடன் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். இருக்கும் இடத்திலிருந்தே ஸ்டீயரிங்கை இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள்.

முன் சக்கரம் திரும்புகிறது, மோட்டார் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், ரிசீவருக்கு (ரிமோட்டின் சிக்னலை வாங்கும் பெட்டி) மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. ஈஎஸ்சி தானாகவே மோட்டாரை நிறுத்தியிருக்கலாம், அல்லது மோட்டார் பக்கம் எங்கோ அறுந்திருக்கலாம். பேட்டரி இறங்கிவிட்டது, சூடு ஏறிவிட்டது என்பவை இந்த வகை.

ஸ்டீயரிங்கும் சேர்ந்து செத்துப்போய், ஒரு நொடி இரண்டு நொடி கழித்து இரண்டும் உயிர் பெற்றால் கதை வேறு. ரிசீவருக்குப் போகும் மின்சாரமே ஒரு கணம் அறுந்து, அது மறுபடி ஆரம்பித்திருக்கிறது. அல்லது ரிமோட்டின் சிக்னல் போயிருக்கிறது. இந்த இரண்டையும் பிரிக்க ரிசீவர் விளக்கைப் பாருங்கள். பெரும்பாலான ரிசீவர்களில் மின்சாரம் போனால் விளக்கு முழுவதும் அணைந்து திரும்ப வரும். சிக்னல் மட்டும் போனால் அணையாமல் மினுக்கும். சிக்னல் என்று தெரிந்தால் ரிமோட்டின் பேட்டரியை மாற்றுங்கள், ரிசீவர் ஆன்டெனா ஒயர் நசுங்கியோ அறுந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கம் அதற்குமேல் பெரிதாக வேலை இல்லை.

பேட்டரி: ஓய்வில் காட்டும் வோல்டேஜை நம்பாதீர்கள்

லைப்போ செல் ஒன்று முழு சார்ஜில் 4.2 வோல்ட். பெயருக்கு 3.7 என்று எழுதியிருப்பார்கள். 3.0க்குக் கீழே இறக்கினால் கெட்டுப்போகும். இரண்டு செல் உள்ள 2எஸ் பேட்டரி முழு சார்ஜில் 8.4 வோல்ட், 3எஸ் என்றால் 12.6.

முதலில் மொத்த வோல்டேஜை அல்ல, செல் செல்லாக அளந்து பாருங்கள். அலாரத்தைப் பேலன்ஸ் ஒயரில் செருகினால் ஒவ்வொன்றையும் காட்டும். 7.4 என்று மொத்தம் காட்டும் பேட்டரிக்குள் ஒரு செல் 3.9ஆகவும் மற்றது 3.5ஆகவும் இருக்கக்கூடும். முழுதாக சார்ஜ் ஆன பிறகும் செல்களுக்குள் 0.05 வோல்டுக்கு மேல் வித்தியாசம் நின்றால் சந்தேகப்படலாம்.

ஆனால் வித்தியாசமே இல்லாமலும் பேட்டரி கெட்டிருக்கலாம். ஒவ்வொரு செல்லுக்கும் உள்தடை என்று ஒன்று உண்டு. நல்ல செல்லில் அது சில மில்லி ஓம். வயதாக ஆக ஏறும், குளிரிலும் ஏறும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு செல்லும் ஓய்வில் 4.15 வோல்ட் காட்டுகின்றன. ஒன்றின் உள்தடை 10 மில்லி ஓம், மற்றது 25. வண்டி 60 ஆம்பியர் இழுக்கும்போது முதல் செல்லில் 0.6 வோல்ட் விழும், 3.55 மிஞ்சும். இரண்டாவதில் 1.5 வோல்ட் விழுந்து 2.65க்குப் போய்விடும். மொத்தம் 6.2. செல்லுக்கு 3.2 வோல்டில் நிறுத்தும்படி அமைத்த ஈஎஸ்சி 6.4க்குக் கீழே போனதுமே மோட்டாரை நிறுத்திவிடும். நீங்கள் விரலை எடுத்தவுடன் சுமை போய்விடும், வோல்டேஜ் ஏறிவிடும், மீட்டரில் ‘நல்ல’ பேட்டரி தெரியும். வண்டியைக் கையில் எடுத்ததும் சரியாகிவிடும் மாயத்தில் பாதி இதுதான்.

இதைப் பிடிக்க ஒரு வழி: அலாரத்தைச் செல்லுக்கு 3.3 வோல்டில் அமைத்து, பேலன்ஸ் ஒயரில் செருகி, வண்டியின் உடம்பில் டேப் போட்டு ஒட்டிவிட்டு ஓட்டுங்கள். ஒயர் சக்கரத்திலோ கியரிலோ சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழு சார்ஜில் கிளம்பி, ஒவ்வொரு முறை த்ராட்டில் அமுக்கும்போதும் அலாரம் அலறி, விட்டால் நின்றால், பேட்டரியால் அந்தக் கரண்டைத் தர முடியவில்லை. நிறைய சார்ஜர்கள் உள்தடையையும் செல் செல்லாகக் காட்டும். ஒரு செல் மற்றதைவிட இரண்டு மடங்கு காட்டினால் வேறு சாட்சி வேண்டாம்.

லேபிளில் போட்டிருக்கும் ‘சி’ எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். 5000 மில்லி ஆம்பியர் ஹவர், 50சி என்றால் காகிதக் கணக்கில் 5 ஆம்பியரின் 50 மடங்கு, 250 ஆம்பியர் வரும். அதை அப்படியே தரும் பேட்டரியை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த எண்ணை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாமல் விளம்பரமாக எடுத்துக்கொண்டால் மன அமைதி கிடைக்கும்.

பேட்டரி உப்பியிருந்தால் சோதனையே வேண்டாம். குத்தாதீர்கள், அமுக்கித் தட்டையாக்கப் பார்க்காதீர்கள், இன்னொரு முறை சார்ஜ் போடாதீர்கள். எரியாத இடத்தில் தனியாக வைத்து, பேட்டரிக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஒரு செட்டிங்கால் வரும் வம்பு

ஈஎஸ்சியில் பேட்டரி வகை தவறாக இருப்பது சிரிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணம். நிக்கல் பேட்டரியில் செல்லுக்கு 1.2 வோல்ட், ஆறு செல் சேர்ந்தால் 7.2. சுமையில் ஒவ்வொரு செல்லும் 1.0, 1.1 வரை இறங்குவது அதற்கு இயல்பு. ஆக, மொத்தம் 6.0 முதல் 6.6. ஈஎஸ்சி லைப்போ முறையில் இருந்தால் 6.4க்குக் கீழே போனவுடன் நிறுத்திவிடும். பேட்டரியில் முக்கால்வாசி மிச்சம் இருக்கும், வண்டி விட்டு விட்டு ஓடும்.

தலைகீழான தவறு இன்னும் மோசம். லைப்போவை நிக்கல் முறையில் ஓட்டினால் வண்டி நிற்கவே நிற்காது. ‘ஆகா, நீண்ட நேரம் ஓடுகிறதே’ என்று சந்தோஷப்படுவீர்கள், செல் 3.0க்குக் கீழே போய்ச் செத்துவிடும். செட்டிங்கை மாற்றும் முறை ஒவ்வொரு ஈஎஸ்சிக்கும் வேறு. சிலவற்றில் ஜம்பர், சிலவற்றில் பட்டனை அமுக்கி பீப் எண்ணுவது. கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள்.

கனெக்டரும் ஒயரும்

மல்டிமீட்டரின் பீப் சோதனை இங்கே பொய் சொல்லும். நூற்றுக்கணக்கான இழைகள் உள்ள சிலிக்கான் ஒயரில் எல்லாம் அறுந்து ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் ‘பீப்’ என்று சொல்லும். அந்த ஓர் இழை வழியே 60 ஆம்பியர் போகாது.

முதல் சோதனைக்கு விரலே போதும். இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு, பேட்டரியைக் கழற்றியவுடன் ஒவ்வொரு இணைப்பையும் தொடுங்கள்: பேட்டரி கனெக்டரின் இரு பக்கம், ஈஎஸ்சிக்குள் நுழையும் ஒயர், மோட்டார் ஒயரின் மூன்று புல்லட் கனெக்டர்கள். எல்லாம் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சுட்டால் அங்கேதான் தடை. எவ்வளவு சுடும் என்பதற்கு ஒரு கணக்கு: 40 ஆம்பியர் போகும்போது ஓர் இணைப்பில் 0.5 வோல்ட் விழுந்தால் அங்கே 20 வாட் வெப்பம். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றைக் கனெக்டருக்குள் ஒளித்து வைத்த மாதிரி.

அளந்தே பார்க்க வேண்டுமென்றால், மீட்டரை 2 வோல்ட் அளவில் வைத்து, ஒரே இணைப்பின் இரண்டு பக்கத்திலும் முதலைக் கிளிப் மாட்டுங்கள். சிவப்பு ஒயரில் பேட்டரிப் பக்கம் ஒன்று, ஈஎஸ்சிப் பக்கம் ஒன்று. (சிவப்பிலும் கறுப்பிலும் குறுக்காக மாட்டினால் பேட்டரி வோல்டேஜைத்தான் காட்டும். கிளிப்புகள் ஒன்றோடொன்று உரசினால் ஷார்ட்.) முன் பம்பரைச் சுவரில் முட்ட வைத்து, வழவழப்பான தரையில் சக்கரம் வழுக்கும்படி ஓரிரு நொடி மட்டும் த்ராட்டில் கொடுங்கள். சக்கரத்தைக் கையால் பிடிக்கவோ பூட்டி வைக்கவோ கூடாது, ஈஎஸ்சி எரிந்துவிடும். நல்ல இணைப்பில் வோல்ட்டின் நூறில் சில பங்குதான் காட்டும். 0.2, 0.3 என்று ஏறினால் அந்த இணைப்பைப் பிரித்துத் திரும்பப் பற்றவைக்க வேண்டியதுதான்.

பழைய வெள்ளைப் பிளாஸ்டிக் டாமியா கனெக்டரில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மெதுவான பிரஷ் மோட்டாருக்கு அது போதும். பிரஷ்லெஸ் மோட்டார் போட்டதும் முதலில் உருகுவது அதுதான். எக்ஸ்டி60, டீன்ஸ் போன்றவற்றுக்கு மாறிவிடுங்கள்.

பற்றவைக்கும்போது மூன்று விஷயங்கள். ஒன்று, பேட்டரியின் இரண்டு ஒயரையும் ஒரே வெட்டில் வெட்டாதீர்கள். கத்தரிக்கோலின் உலோகமே இரண்டையும் இணைத்து ஷார்ட் ஆக்கிவிடும். ஒன்றை வெட்டி, பற்றவைத்து, உறை போட்டு முடித்த பிறகுதான் அடுத்தது. இரண்டு, 60 வாட்டுக்குக் குறையாத அயர்னும் அகலமான முனையும் வேண்டும். சின்ன அயர்னால் தடி ஒயர் சூடாகாது. என் கதையில் வந்த தொப்பி ஈயம் அப்படித்தான் உருவாகிறது. ஒயரிலும் கனெக்டரிலும் தனித்தனியே ஈயம் ஊற விட்டு, பிறகு சேர்த்துச் சூடாக்குங்கள். மூன்று, எதிர் கனெக்டர் ஒன்றைச் செருகி வைத்துப் பற்றவையுங்கள், பிளாஸ்டிக் இளகினாலும் பின் நகராது. ஹீட் ஷ்ரிங்க் உறையை முதலிலேயே ஒயரில் கோத்துவிடவும். இதை எத்தனை முறை மறந்திருக்கிறேன் என்று கேட்காதீர்கள்.

பிளஸ், மைனஸ் மாறினால் ஈஎஸ்சி ஒரு நொடிகூடத் தாங்காது. செருகும்போது ‘டப்’ என்று சின்னப் பொறி வருவது மட்டும் கோளாறு அல்ல, உள்ளே இருக்கும் கெபாசிட்டர் நிரம்புகிறது.

ஸ்டீயரிங்கும் சேர்ந்து செத்தால்

ரிசீவருக்கும் சர்வோவுக்கும் (ஸ்டீயரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டார்) மின்சாரம் தருவது ஈஎஸ்சிக்குள் இருக்கும் பெக் என்கிற பகுதி. பேட்டரியின் வோல்டேஜைக் குறைத்து 5 அல்லது 6 வோல்ட் கொடுக்கும், சிலவற்றில் 7.4. பலமான டிஜிட்டல் சர்வோ, சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும்போது சட்டென்று திரும்பினால், சில ஆம்பியர் ஒரே கணத்தில் இழுக்கும். பெக் தாங்காமல் வோல்டேஜ் விழும், ரிசீவர் அணைந்து மறுபடி தொடங்கும்.

மல்டிமீட்டரை ரிசீவரின் காலியான போர்ட்டில் வைத்துப் பார்த்தால் 5.0 என்று சமர்த்தாகக் காட்டும். அதன் வேகத்துக்கு இந்தச் சின்னக் குழி தெரியாது. அதைவிட நல்ல சோதனை: சர்வோவை ரிசீவரிலிருந்து பிடுங்கிவிட்டு, திறந்தவெளியில் நேராக மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டுங்கள். நிற்பது போய்விட்டால் சர்வோவோ பெக்கோ காரணம். சர்வோ திரும்பும்போது எங்காவது முட்டிக்கொண்டு முனகுகிறதா என்றும் கேளுங்கள். ஸ்டீயரிங் எல்லையைச் சரியாக அமைக்காவிட்டால் சர்வோ முழுநேரமும் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும்.

ரிசீவரின் காலி போர்ட்டில் செருகும் கெபாசிட்டர் ஒன்று, 4700 மைக்ரோ ஃபாரட் அளவில், சின்னக் குழிகளை நிரப்பும். பிளஸ் மைனஸ் பார்த்து மாட்டுங்கள், ரிசீவர் வோல்டேஜைவிடத் தாராளமாக அதிக வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். ஆனால் பெக் நிஜமாகவே போதவில்லை என்றால் தனி பெக் போடுவதுதான் தீர்வு, கெபாசிட்டர் ஒட்டுப்போடுவதுதான்.

ஈஎஸ்சியின் சின்ன ஸ்விட்சையும் மறக்க வேண்டாம். தூசி, ஈரம், அதிர்வு மூன்றும் அதைக் கொல்லும். ஸ்விட்சை விரலால் ஆட்டும்போது விளக்கு மினுக்கினால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

மோட்டார் திக்கினால்

பிரஷ்லெஸ் மோட்டார் கிளம்பும்போது சுற்றாமல் ‘கடகட’ என்று நடுங்கினால், மூன்று ஒயர்களில் ஒன்று சரியாகத் தொடவில்லை என்பதே முதல் சந்தேகம். புல்லட் கனெக்டர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். சென்சார் மோட்டாராக (சுழலும் நிலையை ஈஎஸ்சிக்குச் சொல்லும் சென்சார் உள்ளது) இருந்தால் அந்த மெல்லிய சென்சார் ஒயரை மாற்றிப் பாருங்கள், கல்லடி பட்டு உள்ளே அறுந்திருக்கும். சென்சார் இல்லாத மோட்டாரில் மிக மெதுவாகக் கிளம்பும்போது கொஞ்சம் திக்குவது சகஜம். பேட்டரி பலவீனமானால் அது கூடும்.

சென்சார் இல்லாத மோட்டாரில் எந்த இரண்டு ஒயரை மாற்றினாலும் சுற்றும் திசைதான் மாறும். சென்சார் உள்ளதில் ஏ, பி, சி வரிசையை மாற்றாதீர்கள். சுருளின் தடையை மீட்டரால் அளந்து பார்ப்பது வீண், அது மில்லி ஓம் கணக்கில் இருக்கும். ஒயருக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே தொடர்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பீப் வந்தால் உள்ளே ஷார்ட்.

பிரஷ் மோட்டாரில் பிரஷ் தேய்ந்து குட்டையாகியிருக்கும், அல்லது அது உரசும் செம்பு உருளை கறுத்திருக்கும். திறக்க முடியாத மலிவு மோட்டார் என்றால் மாற்றிவிடுவதே நல்லது.

சூடாகி நின்றால்

ஐந்து நிமிடம் ஓடி, நின்று, பத்து நிமிடம் ஆறியதும் ஓடினால் அது சூடு. மோட்டாரின் வெளிப்புறம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதீர்கள், உள்ளே காந்தம் பலம் இழக்க ஆரம்பிக்கும். அகச்சிவப்பு வெப்பமானி இல்லையென்றால், விரலை மூன்று நொடி வைக்க முடியாவிட்டால் ஓட்டத்தை நிறுத்துங்கள்.

பெரும்பாலும் கியர் விகிதம்தான் காரணம். வேகத்துக்கு ஆசைப்பட்டுப் பெரிய பினியன் (மோட்டார் அச்சில் மாட்டும் பல்சக்கரம்) போட்டிருப்போம், அல்லது 2எஸ் கியரிலேயே 3எஸ் பேட்டரி போட்டிருப்போம். பினியனில் ஒன்றிரண்டு பல் குறைத்துப் பாருங்கள், உச்ச வேகம் கொஞ்சம் போகும், சூடு நன்றாகவே இறங்கும். உயரமான புல்லில் ஓட்டினாலும் இதே கதைதான்.

அடுத்து கியர் இறுக்கம். பினியனுக்கும் அது சுழற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியருக்கும் நடுவே சாதாரண நோட்டுத் தாள் துண்டு ஒன்றை வைத்து இறுக்கி, சுற்றி வெளியே எடுங்கள். தாள் மடிப்பு மடிப்பாக வர வேண்டும், கிழியக் கூடாது. பிறகு பினியனை விலக்கிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றி விடுங்கள். உடனே நின்றால் எங்கோ பேரிங் துருப்பிடித்திருக்கிறது, அச்சில் முடியோ நூலோ சுற்றியிருக்கிறது. தண்ணீரில் ஓட்டிய வண்டி என்றால் முதலில் பேரிங்கைப் பாருங்கள்.

மோட்டார் சத்தம் வருகிறது, வண்டி நகரவில்லை

மின்சாரக் கோளாறு மாதிரி வேஷம் போடும் இயந்திரக் கோளாறு இது. பினியனின் குட்டித் திருகு கழன்று அச்சில் வழுக்கும், அல்லது ஸ்பர் கியரின் பல் மழுங்கியிருக்கும், ஸ்லிப்பர் கிளட்ச் (அதிகச் சுமையில் வழுக்கிக் கியரைக் காக்கும் பகுதி) தளர்ந்திருக்கும். திருகை மோட்டார் அச்சின் தட்டைப் பக்கத்துக்கு நேராக வைத்து, திருகுப் பசை ஒரு சொட்டு போட்டு இறுக்குங்கள்.

எதற்குமே உயிர் வரவில்லை

பேட்டரியை அளந்தாயிற்று, ஸ்விட்சும் சரி. ஈஎஸ்சி பீப் அடிக்கிறது, விளக்கும் எரிகிறது, ஆனால் மோட்டார் அசையவில்லையா? ரிமோட்டில் த்ராட்டில் ட்ரிம் (த்ராட்டிலின் நடுநிலையை நகர்த்தும் குமிழ்) நகர்ந்திருக்கும். நடுநிலை கிடைக்காதவரை ஈஎஸ்சி மோட்டாருக்கு எதையும் விடாது. ட்ரிம்மை நடுவில் வைத்து, கையேட்டின்படி த்ராட்டில் அளவுத்திருத்தம் செய்யுங்கள். விளக்கே எரியவில்லை என்றால் ரிசீவரில் ஈஎஸ்சி பிளக் தலைகீழாகச் செருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஈஎஸ்சிக்குள் நுழையும் இடத்தில் வோல்டேஜ் இருக்கிறதா என்று அளக்கவும். அங்கே வோல்டேஜ் இருந்தும், ஸ்விட்ச் சரியாக இருந்தும், காலி போர்ட்டில் 5 வோல்ட் வராவிட்டால் ஈஎஸ்சி போய்விட்டது. நாம் முதலில் பழி போடும் அந்தப் பெட்டிமேல், வேறு எல்லாவற்றையும் பார்த்த பிறகு இப்போது தாராளமாகப் பழி போடலாம்.

ஓட்டி முடித்ததும் ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று பேட்டரியைச் செருகியபடியே விடாதீர்கள். பல ஈஎஸ்சிகளில் அந்த ஸ்விட்ச் உள்ளிருக்கும் மூளையை மட்டுமே அணைக்கும். மின்சாரம் துளித்துளியாகக் கசிந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது செல் 3 வோல்டுக்குக் கீழே கிடக்கும். கழற்றி, செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்து எடுத்து வையுங்கள்.